36,000 வாடகை வருகிற வீடு: கிருஷ்ணகிரியில் ஒரு லைன் வீடு கைமாறிய கதை

ஆறு போர்ஷன், மாசம் 36,000 வாடகை, விலை 68 லட்சம், உட்கார்ந்து பேசினால் குறையும். 2024 ஆவணியில் என் சித்தி மகன் போனில் சொன்ன தகவல் மொத்தமும் இவ்வளவுதான். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் மெதுவாக, "டோக்கன் 50,000 கொடுத்துட்டேண்ணா" என்றான். ரொக்கமாக, ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. பர்கூர் பக்கம் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன், அதில் பட்ட அடியில் கொஞ்சம் காகிதம் படிக்கத் தெரியும். அந்தத் தகுதியில்தான் தம்பி என்னைக் கூப்பிட்டான். ஏழு மாதம் கழித்துப் பத்திரம் பதிவானது. இடையில் நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்தால் லைன் வீடு வாங்க நினைக்கிற நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது. ஆட்களின் பெயர், வங்கியின் பெயர், தெருப் பெயர் எதுவும் இதில் கிடையாது.

முதலில் கணக்கு. தம்பி ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கைக்கு வருகிற சம்பளம் 52,000, வண்டிக் கடனுக்கு மாதம் 6,500 போகிறது. பூர்வீக நிலத்தில் அவன் பங்கை விற்ற பணமும் சேமிப்பும் சேர்ந்து 30 லட்சம் இருந்தது. வீடு கிருஷ்ணகிரி நகராட்சிக்குள், பெங்களூரு ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். கீழே நாலு வீடு, தலா 5,500. மாடியில் இரண்டு, தலா 7,000. குருபரப்பள்ளி சிப்காட்டுக்குப் போகிற பையன்கள், மெடிக்கல் காலேஜ் நர்ஸ் ஒருவர், இட்லிக் கடை நடத்தும் ஒரு அக்கா, இப்படிக் குடித்தனங்கள். வீடு காலியாகக் கிடக்காது, அது உண்மை. தம்பியின் மனக்கணக்கில் வங்கி 90 சதவீதம் தரும், வாடகையே தவணையைக் கட்டிவிடும், கையில் இருக்கும் 30 லட்சத்தில் பாதி மிஞ்சும்.

வங்கியில் உட்கார்ந்த முதல் அரைமணி நேரத்திலேயே இது உடைந்தது. 90 சதவீதம் என்பது 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேலே போனால் 75. இந்த சதவீதத்தில் பத்திரச் செலவு சேராது, அதை முழுசாக நம் கையிலிருந்துதான் போட வேண்டும். அதுவும்கூட மேல்வரம்புதான், நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சம்பளம்தான் முடிவு செய்கிறது. அந்தக் கிளையில் கைச்சம்பளத்தில் பாதியைத்தான் எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து ஒதுக்கினார்கள்: 26,000. அதில் வண்டிக்கு 6,500 போக மிச்சம் 19,500. எட்டரை சதவீத வட்டிக்கு 20 வருடத் தவணை லட்சத்துக்கு 868 ரூபாய் வருகிறது. வகுத்துப் பார்த்தால் 22 லட்சம் சொச்சம், அவ்வளவுதான்.

"சார், வாடகை 36,000 வருதே?"

"வாடகை ஒப்பந்தம் இருக்கா? பேங்க்ல வரவு இருக்கா? விக்கிறவர் வருமான வரிக் கணக்குல காட்டியிருக்காரா?"

மூன்றுக்கும் இல்லை. வாடகை மொத்தமும் ரொக்கம். மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் வந்து வாங்கிக்கொண்டு போவாராம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் டிக் அடிப்பாராம். வங்கியைப் பொறுத்தவரை அந்த வீட்டின் வாடகை பூஜ்யம். இந்த ஒரு விஷயத்தைத் தம்பிக்குப் புரிய வைக்கவே இரண்டு நாள் ஆனது, ஏனென்றால் அவன் கண்ணெதிரே ஆறு வீட்டிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இன்னொரு அதிகாரி நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டை வைத்து அடமானக் கடன் எடுத்தால் மீதியைச் சரிக்கட்டலாம் என்று. வட்டி வீட்டுக் கடனைவிடக் கூடுதல், சித்தப்பாவின் ஒரே வீடு வேறு. நான் வேண்டாம் என்றேன். சித்தப்பா சரி என்றிருப்பார், அதுதான் பயம்.

இனி காகிதங்கள். ஜெராக்ஸ் கட்டைப் பிரித்தால் முதல் பத்திரம் 1986. வீட்டுக்காரரின் அப்பா வாங்கியது. அதில் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம் என்று இருக்கும், ஏனென்றால் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு "சொத்து வேற மாவட்டத்துல இருக்கே" என்று பென்சிலில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பாக இருந்தாலும் அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதத்தான் வேண்டியிருந்தது.

அப்பா 2009-ல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 2011-ல் அண்ணனும் தம்பியும் மட்டும் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கொண்டு, இந்த வீடு இளையவருக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அவர்தான் இப்போது விற்கிறவர். அம்மாவின் கையெழுத்தும் இல்லை, அக்காவின் கையெழுத்தும் இல்லை. அம்மா 2016-ல் போய்விட்டார்.

வங்கி வக்கீல் வாரிசுச் சான்று கேட்டதும் இது வெளியே வந்தது. வீட்டுக்காரர் பதிலைத் தயாராக வைத்திருந்தார்: "எங்கக்காவுக்கு 88-லயே கல்யாணம் ஆயிடுச்சு. 89-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கிடையாதுங்க. சீர் எல்லாம் நல்லாவே செஞ்சோம்." எங்கள் பக்கம் பத்திரம் எழுதுகிற இடங்களில் இந்த 89 கணக்கு இன்னமும் வேதவாக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அது என்னவென்றால், 1989 மார்ச் 25-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தது, அந்தத் தேதிக்கு முன் மணமான பெண்களுக்கு இல்லை என்றது. 2005-ல் மத்தியச் சட்டம் வந்து அந்தப் பாகுபாட்டையும் எடுத்துவிட்டது. ஆனால் நம் கதைக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. இது அப்பா தன் பணத்தில் வாங்கிய சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-லிருந்தே இருக்கிற சட்டம். அக்காவுக்கு 1988-ல் கல்யாணம் ஆனாலும் சரி, 1958-ல் ஆகியிருந்தாலும் சரி.

அப்படியானால் அக்காவுக்கு எவ்வளவு? அப்பா இறந்தபோது நாலு பேருக்குத் தலா கால் பங்கு. அம்மாவின் கால் பங்கு அவர் இறந்ததும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும், ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. காலும் பன்னிரண்டில் ஒன்றும் சேர்ந்தால் மூன்றில் ஒன்று. 64 லட்சம் என்று பேசிக்கொண்டிருக்கிற வீட்டில் மூன்றில் ஒரு பங்கு, சீர் கொடுத்து அனுப்பியாச்சு என்று எல்லாரும் மறந்துவிட்ட, ஆந்திராவில் குப்பம் என்ற ஊரில் குடியிருக்கிற ஒரு அக்காவுக்குச் சொந்தம்.

அந்த அக்காவிடம் போய்ப் பேசுவது வீட்டுக்காரர் வேலை, நம் வேலை இல்லை என்று ஒதுங்கி நின்றோம். அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். வாங்குகிறவர் போய் நின்றால் விலை ஏறும், குடும்பத்துக்குள் நாமும் ஒரு கட்சியாகிவிடுவோம். அவர் ஐப்பசியில் ஒருமுறை போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார், கார்த்திகையில் மறுபடியும் போனார். கடைசியில் 6 லட்சம் பேசி, அக்கா நேரில் வந்து, தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக வீட்டுக்காரருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கிரயப் பத்திரத்தில் அவரையும் விற்பவராகச் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள், சேர்க்கலாம். ஆனால் அப்போது கிரயப் பணத்தில் அவர் பங்கு அவர் கணக்குக்குப் போக வேண்டும், மூலதன ஆதாய வரி, வரிப்பிடித்தம் எல்லாம் அவர் பெயரிலும் வரும். அண்ணன் தம்பிக்குள் போட்ட பாகத்தை எதிர்த்து அவர் பின்னாளில் வராமல் இருக்கத் தனியாக விடுதலைப் பத்திரமே தெளிவு என்று வக்கீல் சொன்னார்.

அந்த அக்கா ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்கப்பா கட்டின வீடு, மேல மாடி எடுத்துட்டாங்களாமே, எப்படியிருக்கு?" 2009-க்கு அப்புறம் அவர் அந்தத் தெருவுக்கே வரவில்லையாம்.

வில்லங்கச் சான்றில் இன்னொரு முள். 1998-ல் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு வீட்டை அடமானம் எழுதிப் பதிந்திருக்கிறார்கள். 2005-லேயே கடன் முடிந்துவிட்டது, மூலப் பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கடன் தீர்ந்த ரசீதை யாரும் பதிவு செய்யவில்லை. அதனால் வில்லங்கத்தில் அந்த அடமானம் இன்னும் உயிரோடு நிற்கிறது. பணம் கட்டிவிட்டோம், பத்திரம் வந்துவிட்டது, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். சங்கத்தில் பழைய லெட்ஜரைத் தேடி எடுக்க 40 நாள் ஆனது. இப்போது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் கட்டளை இருக்கிறது: 2023 டிசம்பர் 1-லிருந்து, கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து அடமானப் பதிவையும் நீக்கித் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். பத்திரத்தை வாங்கும்போதே ரசீதுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

பட்டா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் 2,400 சதுர அடி, நகர அளவைப் பதிவேட்டில் 2,250. எப்போதோ ரோடு அகலமானபோது முன்பக்கம் போயிருக்க வேண்டும். வங்கி எப்போதும் குறைந்த அளவைத்தான் எடுக்கும். பட்டாவும் செத்துப்போன அப்பா பெயரில்தான் இருந்தது. விற்கிறவர் பெயருக்குப் பட்டாவை முதலில் மாற்றிவிட்டால் கிரயத்துக்குப் பின் நம் பெயருக்கு மாறுவது சுலபம், இல்லையென்றால் அப்பாவிலிருந்து தொடங்கி எல்லாச் சான்றையும் நாம்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதையும் அவர் செலவிலேயே செய்ய வைத்தோம். கட்டட அனுமதி 1994-ல் தரைத்தளத்துக்கு மட்டும் வாங்கியது. மாடிக்கு அனுமதி இல்லை. "வரி கட்டுறேனே, ரசீது இருக்கே" என்றார். வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டும்தான் சாட்சி. வங்கியின் மதிப்பீட்டு இன்ஜினியர் மாடியை ஒதுக்கிவிட்டு, நிலத்துக்கு 36 லட்சம், தரைத்தளத்துக்கு 12 லட்சம், ஆக 48 என்று போட்டார்.

இத்தனையும் காகிதத்தில் தேடினால் கிடைக்கிற விஷயங்கள். கிடைக்காத ஒன்று மாடியில் இருந்தது.

புரட்டாசி முதல் ஞாயிறு, தம்பியும் நானும் குடித்தனக்காரர்களைப் பார்க்கப் போனோம். புரோக்கருக்குப் பிடிக்கவில்லை, "எதுக்குங்க அவங்களை டிஸ்டர்ப் பண்ணிக்கிட்டு" என்றார். கீழ் வீடுகளில் எல்லாம் சொன்னபடியே இருந்தது, அட்வான்ஸ் தலா 40,000. மாடியில் ஒரு வீட்டில் வாடகை 7,000, அட்வான்ஸ் 50,000. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார்.

"ஐயா, நீங்க வாடகை எவ்வளவு தர்றீங்க?"

"நாங்க வாடகை இல்லீங்களே. லீஸுக்கு இருக்கோம். 4 லட்சம் கொடுத்திருக்கோம்."

தெற்கே போக்கியம், ஒத்தி என்பதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரு வழக்கப்படி லீஸ் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது முழுத்தொகையும் திரும்ப வாங்கிக்கொள்வது. பெரியவர் கையில் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒப்பந்தம் இருந்தது, பதிவு செய்யாதது. அதனால் வில்லங்கத்தில் வராது, வக்கீல் ஒப்பீனியனில் வராது, விற்பவர் வாயிலிருந்தும் வரவில்லை. 36,000 வாடகை என்றது அந்த நிமிஷம் 29,000 ஆனது, கூடவே 4 லட்சம் கடனும் வந்து ஒட்டிக்கொண்டது.

பதிவில்லாத ஒப்பந்தம்தானே, நம்மை என்ன செய்யும் என்று புரோக்கர் சமாதானம் சொன்னார். இது ஆபத்தான சமாதானம். ஒரு வீட்டில் யார் குடியிருந்தாலும், அவருக்கு அந்த வீட்டில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சொத்துரிமை மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. "எனக்குத் தெரியாதே" என்று பின்னால் சொல்ல முடியாது, கதவைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டியது நம் பொறுப்பு. சட்டத்தை விடுங்கள், 4 லட்சம் கொடுத்த பெரியவர் வெறுங்கையோடு இறங்கிப் போவாரா?

அட்வான்ஸும் இதே கதைதான். ஐந்து வீட்டு அட்வான்ஸ் 2,10,000 ரூபாய் விற்கிறவரிடம் இருக்கிறது. நாளைக்கு அவர்கள் காலி செய்யும்போது புது வீட்டுக்காரரிடம்தான் கேட்பார்கள். "அதெல்லாம் நீங்களே பேசிக்குங்க" என்பதுதான் எல்லா விற்பனையிலும் நடக்கிறது. வாங்குகிறவர் அதைத் தன் செலவாக எழுதிக்கொள்வதில்லை. ஆறு லட்சத்துப் பத்தாயிரம், பேச்சில் வராமலேயே விலையின் மேல் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை தம்பி விட்டுவிடலாம் என்றான். நானும் பாதி அப்படித்தான் இருந்தேன். ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் என்று எதுவும் இல்லை, எல்லாமே விற்கிறவர் மனசு வைத்தால் தீரும். அவருக்கும் விற்றாக வேண்டிய அவசரம் இருந்தது. அதனால் ஆறு மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் போட்டோம், அதைப் பதிவும் செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம், வெள்ளைத்தாள் வேலைக்கு ஆகாது. ரொக்கமாகக் கொடுத்த 50,000-ஐத் திருப்பி வாங்கிக்கொண்டு, 5 லட்சத்தை வங்கி வழியாக அனுப்பினான். வீடு, நிலம் விற்பனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு, இதைச் சொன்னதும் வீட்டுக்காரரே ஐநூறு ரூபாய்க் கட்டை எடுத்து நீட்டினார்.

அந்த 5 லட்சத்தில் முதல் செலவு மாடிப் பெரியவர். மூன்றரை லட்சத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்து, மிச்ச 50,000-ஐ அட்வான்ஸாக வைத்து, லீஸை 7,000 வாடகையாக மாற்றினோம். அவருக்கும் அது வசதிதான், மகன் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லா அட்வான்ஸும் சேர்ந்து இப்போது 2,60,000. கிரயப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதினோம்: கிரயத் தொகையில் 2,60,000 ரூபாய், குடித்தனக்காரர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய முன்பணத்துக்காக வாங்குபவர் வசம் நிறுத்திக்கொள்ளப்பட்டது என்று. ஒரு வரிதான்.

இனி வாடகையைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆறு பேருக்கும் எழுத்து ஒப்பந்தம், அதில் வீடு கைமாறினால் புது உரிமையாளருக்கும் இதே ஒப்பந்தம் செல்லும் என்ற வாசகம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு ஆன்லைன் தளம் இருக்கிறது. 11 மாதத்துக்குப் போட்டால் பதிவே வேண்டாம் என்ற பழைய பழக்கம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பொருந்தும், இந்தப் பதிவுக்குப் பொருந்தாது. அதே சட்டம், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. 5,500 வாடகைக்கு 40,000 என்பது ஏழு மாதத்துக்கும் மேல், அதனால் இருவரும் சம்மதித்த தொகை என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதினோம்.

ஐப்பசியிலிருந்து வாடகை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. வரி வந்துவிடும் என்ற பயம். அவருக்கு வேறு பெரிய வருமானம் இல்லை, வாடகையில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தானாகவே கழியும், பெரிதாக ஒன்றும் வராது என்று அவர் ஆடிட்டரே சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். ஐந்து பேர் ஜிபேயில் அனுப்பினார்கள். இட்லிக் கடை அக்கா மட்டும், "எனக்கு அந்த போன் எல்லாம் தெரியாது, வாரா வாரம் காசா தர்றேன்" என்று நின்றார். அவர் மகன் பத்தாவது படிக்கிறான், அவன்தான் அம்மா கடையில் வைத்திருக்கும் க்யூஆர் அட்டையைக் காட்டி, "இதுல வர்ற காசுதான்மா அங்க போகப்போகுது" என்று புரிய வைத்தான்.

இதற்கு நடுவே கறுப்பு வெள்ளைப் பேரம். வழிகாட்டி மதிப்பும் கட்டட மதிப்பும் சேர்ந்து 41 லட்சம் வந்தது. பேசிய விலை அப்போது 64. 41-க்குப் பதிவு, மீதி 23 ரொக்கம், "உங்களுக்கும்தானே லாபம்" என்றார் வீட்டுக்காரர். உண்மைதான், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் 2,07,000 மிச்சம். ஆனால் தம்பி நாளைக்கு விற்கும்போது அவன் வாங்கிய விலை 41 என்றுதான் காகிதம் சொல்லும். அந்த 23 லட்சம் அவன் லாபமாகக் கணக்காகும், இன்றைய விகிதம் 12.5 சதவீதப்படி 2,87,500 ரூபாய் வரி. அதோடு, வங்கிக் கணக்கிலிருந்து 23 லட்சம் ரொக்கமாக எடுத்ததற்கு எங்கே போச்சு என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், ரொக்கம் கொடுத்தபின் பதிவன்று அவர் வரவில்லையென்றால் எந்தக் கோர்ட்டில் போய் அழுவது? முழு விலைக்கும் பதிவு என்றோம். பட்டாவில் குறைந்த 150 சதுர அடிக்கு 2,40,000, அனுமதியில்லாத மாடி, மின் மீட்டர் பிரச்சினை என்று மேலும் பேசி விலை 60 லட்சத்தில் நின்றது.

50 லட்சத்தைத் தாண்டிய விலை என்பதால் வாங்குகிறவர் ஒரு சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், 60,000 ரூபாய். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, விற்கிறவரின் பான் ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்தால் பிடித்தம் ஒன்றல்ல, 20 சதவீதம். இவர் பான் அப்படித்தான் கிடந்தது. கவனிக்காமல் ஒரு சதவீதம் பிடித்திருந்தால் மீதிக்கான நோட்டீஸ் தம்பி பெயருக்கு வந்திருக்கும், 11 லட்சத்து 40 ஆயிரத்துக்கு. ஆயிரம் ரூபாய் கட்டி இணைத்த பிறகுதான் ஒப்பந்தத்துக்கே உட்கார்ந்தோம்.

தையில் மறுபடி அதே கிளை. இந்தத் தடவை ஆறு ஒப்பந்தம், வங்கி வரவு, விடுதலைப் பத்திரம், அடமான ரசீது எல்லாம் கோப்பில் இருந்தன. எழுத்தில் இருக்கும் வாடகையில் பாதியை, 18,000-ஐ, வருமானத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 70,000-ல் பாதி 35,000, வண்டித் தவணை போக 28,500. 32 லட்சம் சாங்ஷன் ஆனது. வாடகை காகிதத்துக்கு வந்ததால் மட்டும் கிடைத்தது கிட்டத்தட்ட 10 லட்சம். எல்லா வங்கியும் இதே விகிதத்தில் வாடகையை எடுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம், சேர்க்கவே மாட்டோம் என்ற கிளையையும் பார்த்தோம். சொத்து மதிப்பு 48-ல் 80 சதவீதம் 38.4 வந்ததால் அந்தப் பக்கம் தடை இல்லை.

மார்கழி தாண்டி, மாசியில் பதிவு. முகூர்த்த நாள் என்று கூட்டம் நெரிந்தது, மதியம் மூன்று மணிக்குத்தான் எங்கள் டோக்கன். செலவு இப்படி: கிரயம் 60 லட்சம், பதிவு 5,40,000, பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான மோட் பதிவு 22,000, புரோக்கருக்கு ஒரு சதவீதம் 60,000, வக்கீல், மதிப்பீடு, பத்திர எழுத்தர், வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 45,000. கிட்டத்தட்ட 66 லட்சத்து 67 ஆயிரம். நிறுத்திக்கொண்ட அட்வான்ஸ் 2,60,000, கடன் 32 லட்சம் போக, கையிலிருந்து 32 லட்சத்துச் சொச்சம். இருந்தது 30. மீதிக்குத் தம்பி மனைவியின் நகை அடகுக்குப் போனது.

இது நல்ல முதலீடா என்று கேட்டால், என் அபிப்பிராயம் தம்பிக்குப் பிடிக்காது. வருடம் 4,32,000 வாடகை, போட்ட மொத்தப் பணத்தில் ஆறரை சதவீதம்கூட முழுசாக இல்லை, கடன் வட்டி எட்டரை. தவணை மாதம் 27,800 சுமார், வருடத்துக்கு 3,33,000. வரி, மோட்டார், செப்டிக் டேங்க், ஒரு வீடு ஒரு மாதம் காலி என்று கழித்தால் கையில் நிற்பது மாதம் சில ஆயிரங்கள். அவன் 32 லட்சத்தை வைத்து வாங்கியது பெங்களூரு ரோட்டுப் பக்கம் ஐந்து சென்ட் இடத்தைத்தான், வாடகை அதற்குக் காவல்காரன் சம்பளம். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் தப்பில்லை.

வாடகையைக் கணக்கில் காட்டினால் வரி விழுங்கிவிடும் என்று அவனுக்கும் பயம் இருந்தது. போட்டுக் காட்டினேன். 4,32,000-ல் சொத்து வரி 9,000 போக 4,23,000. அதில் 30 சதவீதம் கழிந்தால் 2,96,000. முதல் வருடக் கடன் வட்டி சுமார் 2,70,000. வரிக்குட்பட்டது 26,000 ரூபாய்! புது வரி முறையிலும் வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை வாடகையில் கழிக்கலாம், நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்கத்தான் முடியாது. இந்தச் சின்னத் தொகைக்குப் பயந்துகொண்டுதான் முந்தைய வீட்டுக்காரர் இத்தனை வருடம் வாடகையை நோட்டுப் புத்தகத்திலேயே வைத்திருந்தார்.

பாக்கி வேலைகளும் உண்டு. ஆறு வீட்டுக்கு இரண்டே மின் இணைப்பு, மீதிக்கு சப் மீட்டர், இரண்டும் பழைய வீட்டுக்காரரின் செத்துப்போன அப்பா பெயரில். பெயர் மாற்றம் ஒன்றுக்கு முடிந்தது, மற்றதற்கு முடியவில்லை, தனித்தனி இணைப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2025 ஏப்ரலிலும் ஜூனிலும் இறங்கி 6.25-லிருந்து 5.5 ஆனதால் தம்பியின் கடன் வட்டியும் குறைந்தது. ஆனால் வங்கி தவணையைக் குறைக்காமல் வருடத்தைக் குறைத்துவிட்டது. அப்படியே விடு, கடன் சீக்கிரம் முடியும் என்றேன் நான். தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான் அவன். மிச்சமாகும் காசில் முதலில் நகையை மீட்க வேண்டுமாம். அவன் மனைவி அதற்கு அப்புறம்தான் என்னோடு சரியாகப் பேச ஆரம்பித்தாள்.